மழையை வெயிலோடு ஒப்பிடு: இந்தியக் காடுகளுக்கு ஒரே அளவுகோல் கொடுத்த ஆன்றி கோசென் யார்?

புதுச்சேரி லிசேயில் படித்த நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். புவியியல் வகுப்பில் ஒரு கிராஃப் வரைந்திருப்பார். கீழே ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 மாதங்கள். மாத மழைக்கு நீலப் பட்டைகள், சராசரி வெப்பத்துக்குச் சிவப்புக் கோடு. மழையின் அளவுகோல் வெப்பத்தின் அளவுகோலைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 20 டிகிரிக்கு எதிரே 40 மில்லிமீட்டர், 30 டிகிரிக்கு எதிரே 60. நீலம் சிவப்புக்குக் கீழே இறங்கினால் அது வறண்ட மாதம். அவ்வளவுதான் விஷயம்.

பிரான்ஸ் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இது ரொம்பப் பழகிய படம். இதைக் கொடுத்தவர் ஆன்றி கோசென் என்ற தாவரவியலாளர். 1981-ல் இறந்துபோனார். புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தயாரான தென்னிந்தியத் தாவர வரைபடங்களிலும் முதல் பெயராக இருப்பது இதே கோசென்தான்.

பள்ளிக்கூட கிராஃபுக்கும் நம்ம ஊர்க் காடுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

கேரளா அளவு காடு ஒரே பாய்ச்சலில் வளர்ந்த கதை

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 1999 அறிக்கைப்படி நாட்டின் காட்டுப் பரப்பு 6,37,293 சதுர கிலோமீட்டர். 2001 அறிக்கையில் அது 6,75,538. இடையில் கூடியது 38 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஏறக்குறைய கேரளாவின் மொத்தப் பரப்பு!

இரண்டு வருஷத்தில் அவ்வளவு மரம் எங்கே முளைத்தது? பெரும்பகுதி முளைக்கவே இல்லை, அளக்கும் விதம் மாறியது. 1987-ல் முதல் அறிக்கை வந்தபோது 400 ஹெக்டேருக்குக் குறைவான காட்டுத் துண்டுகள் படத்தில் ஏறவில்லை. பிறகு அந்த எல்லை 25 ஹெக்டேர் ஆனது. 2001-ல் 1 ஹெக்டேர். கண்ணாடி மாற்றியதும் முன்பு தெரியாத சின்னச் சின்னத் திட்டுகள் எல்லாம் தெரிய ஆரம்பித்தன. போதாக்குறைக்கு, 1 ஹெக்டேர் நிலத்தில் மர நிழல் 10 சதவீதம் இருந்தால் போதும், அது யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லாமல் காட்டுப் பரப்பில் சேர்ந்துவிடும். தோப்பும் சேரும்.

முறை மாறியதை நிறுவனமே அறிக்கையில் சொல்லியிருந்தது. ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. நீண்ட காலக் கண்காணிப்பில் இருக்கும் பெரிய சிக்கலே இதுதான். இன்று ஒரு விதமாகவும் 20 வருஷம் கழித்து வேறு விதமாகவும் அளந்தால், மாறியது காடா, அளவுகோலா என்று யாராலும் சொல்ல முடியாது. கோசென் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இந்தப் பிரச்சினையோடுதான்.

ஒரே மலை, இரண்டு வானிலை

கோசென் பிறந்தது 1891 ஜூலை 14-ல். பிரான்ஸ் தேசிய தினத்தன்று, தெற்கே வோக்ளூஸ் மாவட்டத்தில் கப்ரியேர் தேய்க் என்ற சிற்றூரில். ஆனால் அவர் வாழ்க்கை மொத்தமும் துலூஸ் நகரத்தோடு பின்னிக்கொண்டது. அங்கேதான் பேராசிரியர், அங்கேதான் ஆய்வகம். ஸ்பெயின் எல்லையில் நீளும் பைரனீஸ் மலைத்தொடர் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அந்த மலையின் மேற்குப் பக்கம் அட்லாண்டிக் கடலின் ஈரத்தை வாங்குகிறது. கிழக்குப் பக்கம் மத்தியதரைக் கடலின் காய்ந்த கோடைக்குள் இறங்குகிறது. நம்ம ஊரில் வால்பாறையிலிருந்து உடுமலைக்கு இறங்கி வந்தால் காடு எப்படி மாறுமோ, ஏறக்குறைய அப்படி. கோசென் 1926-ல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வு, பைரனீஸின் கிழக்குப் பாதியின் தாவரங்களைப் பற்றியது. நடந்து நடந்து பார்த்தவர். கையில் எப்போதும் கேமரா. மலைச்சரிவுகளை ஆயிரக்கணக்கான படங்களாக எடுத்து வைத்தார். அதே இடத்தில் இன்னொருவர் பிற்காலத்தில் நின்று படம் எடுத்தால் எது மாறியிருக்கிறது என்று சட்டெனத் தெரிந்துவிடும் என்பதால், பழைய மலைப் படங்களுக்கு இன்றைய ஆய்வாளர்களிடம் தனி மரியாதை உண்டு.

1921-ல் லூஷோன் ஊருக்குப் பக்கத்தில் ஜுவேயு என்ற இடத்தில் மலை மரங்களுக்காக ஒரு மரத்தோட்டம் தொடங்கினார். இன்று அது அவர் பெயரில்தான் இருக்கிறது. பைன், தேவதாரு, சைப்ரஸ் போன்ற ஊசியிலை மரங்கள் என்றால் அவருக்கு உயிர். மொராக்கோ அட்லஸ் மலையின் சைப்ரஸ் ஒன்றுக்கு அறிவியல் பெயர் வைத்தவரும் அவரே.

அந்தக் காலத்தில் தாவர வரைபடம் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு வகைப்பாடு. ஒருவர் படத்தில் பச்சை என்றால் ஓக் காடு, அடுத்தவர் படத்தில் புல்வெளி. பக்கத்துப் பக்கத்து மாவட்டத்தின் படங்களை ஒட்டவைத்தால் ஒட்டாது. மொன்பெலியே பல்கலைக்கழகத்தின் ஷார்ல் ஃப்ளாவோ, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிரான்ஸ் முழுமைக்கும் ஒரே மாதிரி தாவரப் படம் வேண்டும் என்று சொல்லி, பெர்ப்பிஞான் பகுதிக்கு ஒரு மாதிரித் தாளும் வெளியிட்டார். அதற்கு மேல் அது நகரவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தின் ஆதரவில் கோசென் அதைக் கையிலெடுத்தார். 2 லட்சத்துக்கு 1 என்ற அளவில் நாடு முழுவதற்கும் படம். அவர் முதலில் வெளியிட்ட தாளும் அதே பெர்ப்பிஞான்தான். கடைசித் தாள்கள் வருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

நிறத்துக்கும் இலக்கணம்

கோசெனின் யோசனை கேட்க எளிமையானது. நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, சூழலைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெப்பத்துக்குச் சிவப்பு. வறட்சிக்கு மஞ்சள். ஈரத்துக்கு நீலம். ஓர் இடம் சூடாகவும் வறண்டும் இருந்தால் சிவப்பும் மஞ்சளும் கலந்து ஆரஞ்சு. சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் சிவப்பும் நீலமும் கலந்து ஊதா. அடர்ந்த காடு என்றால் முழு நிறம், புதர், புல்வெளி என்று காடு மெலிய மெலிய நிறப்பூச்சும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் மெலியும்.

இதில் என்ன பெரிய விஷயம்? துனிசியா படத்தையும் திருநெல்வேலி படத்தையும் பக்கத்தில் வைத்தால், மொழி தெரியாதவருக்குக்கூட எது காய்ந்த நிலம், எது மழைக்காடு என்று புரியும். யார் வரைந்தது என்பது முக்கியமில்லாமல் போகிறது. அளவீடு என்றால் அப்படித்தானே இருக்கணும்?

இரண்டால் பெருக்கும் விதி

நிறம் கொடுக்க வேண்டுமானால் எது வறட்சி என்று முதலில் முடிவாக வேண்டும். அதற்கு முன்பே சூத்திரங்கள் இருந்தன. ஆனால் பல சூத்திரங்கள் வருஷ மழையின் மொத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டன. அங்கேதான் ஏமாற்று.

லண்டனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழை. புதுச்சேரியில் சுமார் 1,300. மொத்தத்தை மட்டும் பார்த்தால் நாம்தான் ஈரமான ஊர்! ஆனால் நம் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. லண்டனில் மழை சொட்டுச் சொட்டாக வருஷம் முழுக்கப் பரவியிருக்கிறது. மரத்துக்கு வேண்டியது கையிருப்பு எவ்வளவு என்பதைவிட, எந்த மாசம் கையில் காசு இல்லை என்ற கணக்கு. மாசச் சம்பளக்காரர்களுக்கு இது சட்டெனப் புரியும்.

கோசெனும் அவருடைய சக ஆய்வாளர் பாஞூலும் 1953-ல் வெளியிட்ட விதி மாதத்தை அலகாக எடுத்தது. மாத மழை மில்லிமீட்டரில், அந்த மாதத்தின் சராசரி வெப்பம் செல்சியஸில். மழை வெப்பத்தின் இரு மடங்குக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் வறண்ட மாதம். ஒரு ஏப்ரலில் சராசரி வெப்பம் 30 டிகிரி என்றால் 60 மில்லிமீட்டராவது மழை வேண்டும். 20 மில்லிமீட்டர்தான் பெய்தது என்றால் வறட்சி. புதுச்சேரியில் பிப்ரவரி முதல் மே வரையாவது நீலம் சிவப்புக்கு அடியில்தான் கிடக்கும். லண்டனின் நீண்டகாலச் சராசரியில் அப்படி ஒரு மாதம்கூட இல்லை.

ஏன் இரண்டு? ஏன் 1.8 இல்லை, 2.3 இல்லை? இயற்பியலில் இருந்து வந்த எண் இல்லை இது. களத்தில் தாவரங்களைப் பார்த்து, பெரும்பாலும் பொருந்துகிறது என்று வைத்துக்கொண்ட முழு எண். குறை சொல்பவர்கள் இங்கேதான் பிடிக்கிறார்கள். கோசெனின் பலமும் இதே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மழைமானியும் வெப்பமானியும் இருந்தால் போதும், எந்த ஊர்க்காரரும் பென்சிலை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். 1950-களில் ஆசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் இருந்த தரவே அந்த இரண்டும்தான். மண் ஈரம், நீராவிப்போக்கு என்று துல்லியமாகக் கேட்டிருந்தால் பாதி உலகம் பட்டியலிலேயே வந்திருக்காது.

ஆனால் கடற்கரைக்காரர்கள் விடுவார்களா? மழை இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் இருக்கிறதே! அதற்கும் ஒரு திருத்தம் வைத்தார். வறண்ட மாதத்தில் மழையே இல்லாத நாளைக்கூட முழு வறட்சி நாளாக எண்ணக்கூடாது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒரு முழு நாள், 40 முதல் 60 என்றால் நாளில் 10-ல் 9 பங்கு, 60 முதல் 80 என்றால் 8 பங்கு, இப்படியே குறையும். பனியோ மூடுபனியோ விழுந்த நாள் அரை நாள். 30 நாள் மழையே இல்லை, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் மரத்துக்கு அது 24 நாள் வறட்சி. எண்ணுவதற்கு இப்படி விதி இருப்பதால், புதுச்சேரியில் எண்ணினாலும் பெர்ப்பிஞானில் எண்ணினாலும் ஒரே விடை வரும்.

ஜெர்மன் தாவரவியலாளர் ஹைன்ரிஷ் வால்டர் இந்த இரட்டை அளவுகோலை எடுத்து, 1960-களில் உலகம் முழுக்க உள்ள வானிலை நிலையங்களுக்கு கிராஃப் போட்டு ஒரு பெரிய அட்லஸே வெளியிட்டார். 1963-ல் யுனெஸ்கோவும் உலக உணவு, வேளாண் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட மத்தியதரைப் பகுதித் தட்பவெப்பப் படத்திலும் கோசெனின் கை இருக்கிறது.

செயின்ட் லூயி தெருவுக்கு வந்த விதி

1954 நவம்பரில் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே, 1955-ல், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா, சமஸ்கிருதமும் தமிழும் அறிந்த இந்தியவியல் அறிஞர். நிறுவனம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சைவ ஆகம ஓலைச்சுவடிகள், கோயில் புகைப்படங்கள். அதே கூரைக்குக் கீழே காய்ந்த இலைகள் ஒட்டிய தாள்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்த ஒரு தாவர சேகரிப்பும் இருப்பது ஊர்க்காரர்களில் பலருக்குத் தெரியாது.

அந்தத் தாவரப் பிரிவு எடுத்த முதல் பெரிய வேலை, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து, 10 லட்சத்துக்கு 1 என்ற அளவில் சர்வதேசத் தாவர வரைபடம். திட்டமும் முறையும் கோசெனுடையது. களத்தில் பியர் லெக்ரி, வியார் போன்றோர். பிறகு மெஹர்-ஹோம்ஜி, பிளாஸ்கோ. முதல் தாள் 1961-ல் வந்தது. பெயர் கன்னியாகுமரி. அதன் பிறகு மெட்ராஸ், கோதாவரி, மைசூர், பம்பாய், கத்தியவார், ராஜஸ்தான் என்று 1970-கள் வரை 10-க்கும் மேற்பட்ட தாள்கள். இலங்கைக்கும் தனித் தாள் வந்தது. பெரிய படத்தின் ஓரத்தில் மண், பாறை, தட்பவெப்பம் என்று குட்டிப் படங்கள்.

இந்தத் தாள்களில் காட்டுக்குப் பெயர் வைத்த விதம் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு பகுதிக்கும் அடையாள மரங்களை வைத்து ஒரு 'வரிசை'. தேக்கு இருக்கும் வரிசை, ஆச்சா மரம் இருக்கும் வரிசை, உசிலை இருக்கும் வரிசை. உசிலை என்றால் வேறொன்றும் இல்லை, தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் வருகிற மரம். ஒரு வரிசைக்குள் படிகள் உண்டு: முழுக் காடு, திறந்த காடு, புதர்க்காடு, அங்கங்கே நாலு செடி. விறகு வெட்டி, ஆடு மேய்த்து, தீ வைத்துக் காடு எந்தப் படிக்கு இறங்கியிருக்கிறது என்பதைப் படமே சொல்லும். வெறும் முள்புதராகக் கிடக்கிற பொட்டலைப் பார்த்து, இது உசிலை வரிசையின் கடைசிப் படி என்று எழுத முடிகிறது. அடுத்த தலைமுறை அதே இடத்துக்கு வந்தால், படி ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம்.

விதிக்கு அடங்காத காடு

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சுவாரசியம் இங்கே இருக்கிறது. விதிப்படி நம் கடற்கரையில் வறண்ட மாதங்கள் நிறைய. அப்படியானால் கோடையில் இலை உதிர்க்கும் காடுதான் இருக்க வேண்டும். ஆனால் மரக்காணம் பக்கமும் கிராமத்து ஐயனார் கோயில் காடுகளிலும் மிஞ்சியிருப்பது வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி போன்ற மரங்கள். சித்திரை வெயிலிலும் பச்சை மாறாது. வறண்ட பசுமைமாறாக் காடு என்று பெயரே ஒரு முரண். வடகிழக்குப் பருவமழை வரும் விதமா, கடல் காற்றின் ஈரமா, இலை உதிர்க்கும் மரங்களை மனிதர்கள் வெட்டித் தீர்த்ததாலா என்று மெஹர்-ஹோம்ஜி உள்ளிட்டோர் நிறைய எழுதினார்கள்.

ஒரு பொது விதி இருந்ததால்தான் இது விதிவிலக்கு என்றே கண்ணில் பட்டது. ஊருக்கு ஊர் வேறு அளவுகோல் வைத்திருந்தால், புதுச்சேரிக் காடு எதிலிருந்து விலகி நிற்கிறது என்று எப்படிச் சொல்வது?

குறைகளையும் சொல்லிவிடணும். 10 லட்சத்துக்கு 1 என்றால் படத்தில் 1 மில்லிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். சில ஏக்கரில் நிற்கும் கோயில் காடு பேனா முனைக்குள் காணாமல் போகும். மனிதன் கை வைக்காவிட்டால் இங்கே என்ன காடு இருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் வரிசைகள் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுகளாக உழுத மண்ணில் அந்த அனுமானத்தைச் சோதிப்பது கஷ்டம். மர எண்ணிக்கை, சுற்றளவு எதுவும் அந்தத் தாள்களில் கிடையாது.

இன்னொன்று, இந்திய வனத்துறையில் கோசென் முறை ஜெயிக்கவில்லை. பிரிட்டிஷ் வன அதிகாரி ஹாரி சாம்பியன் 1936-ல் போட்ட வகைப்பாடு ஏற்கெனவே ரேஞ்சர் ஆபீஸ் வரை போய்ச் சேர்ந்திருந்தது. 1968-ல் சேத் என்பவரோடு சேர்ந்து அதைத் திருத்தி வெளியிட்டார். அரசு ஆவணங்கள் இன்றும் அந்தப் பெயர்களில்தான் ஓடுகின்றன. ஆக, எல்லோருக்கும் ஒரே முறை என்று புறப்பட்ட கோசெனின் படத்தை இந்தியாவில் படிக்க, ஒரு மொழிபெயர்ப்புப் பட்டியல் தேவைப்பட்டது. தரப்படுத்தலில் எந்த முறை சிறந்தது என்பதைவிட, எது முதலில் அலுவலக மேஜைக்கு வந்தது என்பது பல நேரம் முடிவு செய்கிறது. போன் சார்ஜர் விஷயத்திலும் நாம் பார்த்ததுதானே!

1973-ல் யுனெஸ்கோ உலகத் தாவரங்களுக்கு ஒரு சர்வதேச வகைப்பாட்டை வெளியிட்டது. பல நாட்டு நிபுணர்கள் வருஷக்கணக்கில் விவாதித்து உருவாக்கியது. அந்தக் குழுவில் கோசெனும் ஒருவர். அப்போது வயது 80 தாண்டிவிட்டது. 1981 ஜூலையில், 90-வது பிறந்தநாள் முடிந்து இரண்டு வாரத்துக்குள், துலூஸில் காலமானார்.

மரத்தில் ஒரு பெயின்ட் கோடு

அவருக்குப் பிறகு புதுச்சேரி நிறுவனம் படத்தின் அளவை மாற்றியது. 1980-களில் இருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இரண்டரை லட்சத்துக்கு 1 அளவில், மாநில வனத்துறைகளோடு சேர்ந்து புதிய காட்டுப் படங்கள் வந்தன. அதைவிட முக்கியமான மாற்றம், மரத்தையே எண்ணத் தொடங்கியது. 1989-90-ல் கர்நாடகாவின் குடகு மாவட்டத்தில் உப்பங்களா என்ற இடத்தில், மழைக்காட்டுக்குள் நிரந்தர ஆய்வுத் திட்டுகள் போட்டார்கள். மொத்தம் 5 ஹெக்டேருக்குக் கொஞ்சம் அதிகம். 30 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவு உள்ள ஒவ்வொரு மரமும் கணக்கில் உண்டு. சில வருஷத்துக்கு ஒருமுறை போய் எது வளர்ந்தது, எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பதிவு செய்வார்கள். ஆய்வாளர்கள் மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள். மரங்கள் அங்கேயேதான் நிற்கும்.

இந்த மாதிரித் திட்டுகளில் உலகம் முழுக்க ஒரு சின்ன வழக்கம் உண்டு. மரத்தின் சுற்றளவை எங்கே அளப்பது? தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில். சரிவில் நிற்கும் மரமா? மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். பலகை வேர் விரிந்த மரமா? வேருக்கு மேலே போய் அளக்க வேண்டும். ஒரு சாண் மேலேயோ கீழேயோ டேப் போனால், வளராத மரமும் வளர்ந்ததாகக் கணக்காகும், வளர்ந்த மரமும் சுருங்கிப்போகும். அதனால் டேப் ஓடிய இடத்தில் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அடுத்த முறை வருகிற ஆள், தன் மார்பு உயரத்தைப் பார்க்காமல், அந்தக் கோட்டின் மேலேயே டேப்பைச் சுற்ற வேண்டும்.